பண்டிகை சீசன் வேலை என்று சொல்லிப் பணம் கேட்டால் கொடுக்காதீர்கள்

தீபாவளிக்கு முன்னால் என்னையும் என் சித்தப்பா மகனையும் ஏமாற்றிய அதே ஆட்கள் இப்போது "பொங்கல் சீசனுக்கு ஆட்கள் உடனடித் தேவை" என்று வாட்ஸ்அப் குழுக்களில் போட ஆரம்பித்துவிட்டார்கள். நம்பர்தான் புதுசு, வாசகம் ஒரு எழுத்துகூட மாறவில்லை. பேக்கிங், சார்ட்டிங், ஸ்கேனிங், பத்தாவது பாஸ் போதும், தங்க இடம் சாப்பாடு இலவசம், ஓ.டி. (கூடுதல் நேரக் கூலி) உண்டு. விழுப்புரம், திருவண்ணாமலை பக்கத்துப் பையன்கள் கீழே "இன்ட்ரஸ்ட்டட்" என்று நம்பர் போட்டுக்கொண்டே இருக்கிறார்கள். அவர்கள் கண்ணில் படட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

இந்த ஆட்கள் 'கன்சல்டன்சி' என்ற பெயரில் நடத்தும் ஆபீஸ் சென்னை வடபழனியில், மாடியில். உள்ளே நுழைந்தால் நாலு நாற்காலி, ஒரு கம்ப்யூட்டர், சுவரில் பெரிய பெரிய கம்பெனிகளின் லோகோ ஒட்டிய ஒரு பேனர். ரெஜிஸ்ட்ரேஷன் என்று ஆளுக்கு 1,500 ரூபாய் வாங்கினார்கள். அப்புறம் யூனிபார்ம், சேஃப்டி ஷூ, ஐ.டி. கார்டு என்று இன்னொரு 2,000. "முதல் சம்பளத்தோட ரிட்டர்ன் வந்துடும் தம்பி, இது டெபாசிட் மாதிரிதான்" என்று மேஜையில் இருந்த அக்கா சொன்னார். ஜிபே செய்தால் ஆபீஸ் பெயர் வரவில்லை, யாரோ ஒரு தனி ஆளின் பெயர் வந்தது. கேட்டதற்கு, "சாரோட பர்சனல் அக்கவுண்ட், கம்பெனி அக்கவுண்ட் ஆடிட்ல இருக்கு" என்று பதில். கொடுத்த ரசீதின் அடியில் பொடி எழுத்தில் "சேவைக் கட்டணம், திரும்பத் தரப்படாது" என்று அச்சடித்திருந்தது. வாயில் டெபாசிட், காகிதத்தில் சேவைக் கட்டணம்!

அதோடு விடவில்லை. வெரிஃபிகேஷன் என்று சொல்லி ஒரிஜினல் மார்க் ஷீட்டையும் வாங்கி பீரோவில் வைத்துக்கொண்டார்கள். இதை எல்லோரும் கவனியுங்கள். ஒரிஜினலைக் காட்டச் சொல்வார்கள், பார்ப்பார்கள், திருப்பிக் கொடுத்துவிடுவார்கள். குடோனில் பெட்டி ஒட்டுகிற வேலைக்கு ஒருவரின் மார்க் ஷீட்டை வைத்துக்கொள்ள எந்த அவசியமும் இல்லை. பாதியில் ஓடிவிடாமல் கட்டிப்போடத்தான் அது.

இவர்களை நம்பும்படி செய்வது என்னவென்றால், வேலை நிஜமாகவே இருக்கிறது. ஸ்ரீபெரும்புதூர் பக்கம் குடோன், வேனில் கொண்டுபோய் இறக்குகிறார்கள், உள்ளே ஆயிரக்கணக்கில் பார்சல் வருகிறது. பண்டிகை ஆஃபர் நேரத்தில் ஆன்லைன் ஆர்டர் குவியும் என்பதால் ஆள் தேவையும் உண்மைதான். நின்றபடியே வேலை. பார்கோடை ஸ்கேன் செய்து, பெட்டியில் போட்டு, டேப் ஒட்டித் தள்ள வேண்டும், மணிக்கு இத்தனை என்று டார்கெட். இதெல்லாம் உழைப்பு, இதில் எனக்குக் குறை இல்லை. ஆனால் ஒரு நாளைக்கு 750 என்று சொன்னது எட்டு மணி நேரத்துக்கு இல்லை, பன்னிரண்டு மணி நேரத்துக்கு என்று உள்ளே போன பிறகுதான் சொன்னார்கள். ஓ.டி. என்ற பேச்சே இல்லை. கூடுதல் நேரத்துக்கு இருமடங்கு கூலி என்று சட்டம் இருக்கிறது, அங்கே ஒற்றை மடங்குகூட தனியாகக் கிடையாது. இலவசத் தங்குமிடம் என்றது ஷீட் போட்ட ஒரு வீடு, நெருக்கியடித்துப் பாய், எல்லோருக்கும் ஒரே கக்கூஸ். அதற்கும் சாப்பாட்டுக்கும் பிடித்தம் உண்டு என்பது பின்னால்தான் தெரிந்தது.

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். சம்பளம் எப்போது என்று யார் கேட்டாலும் ஒரே பதில்: "தீபாவளி முடிஞ்சதும் மொத்தமா செட்டில்மென்ட்." இந்த மோசடியின் உயிரே இதில்தான் இருக்கிறது. பண்டிகைக்கு ஊருக்குப் போகாமல் யார் இருப்பார்கள்? கிளாம்பாக்கத்தில் பஸ் ஏறியவர்கள் எல்லோரையும் "அப்ஸ்காண்டிங்" என்று எழுதிவிட்டார்கள். சொல்லாமல் ஓடியவனுக்குச் சம்பளம் கிடையாதாம். லீவு சொல்லிவிட்டுத்தான் போனோம், லைன் சூப்பர்வைசருக்கு அனுப்பிய மெசேஜ் போனில் இருக்கிறது. போகாமல் தங்கி வேலை பார்த்தவர்களுக்கும் முழுப் பணம் வரவில்லை. பண்டிகை முடிந்ததும் ஆர்டர் விழுந்துவிடும், வேனும் நின்றுவிடும். திரும்பி வந்து பார்த்தால் வடபழனி மாடியில் பூட்டு. சீசன் வேலை என்பதால் அடுத்த மாதம் அவர்கள் முகத்தில் முழிக்க வேண்டிய கட்டாயம் யாருக்கும் இல்லை, அவர்களுக்கும் நம்மைத் திரும்பக் கூப்பிட வேண்டிய தேவை இல்லை. இதை நன்றாகத் தெரிந்துகொண்டு செய்கிறார்கள்.

குடோனில் போய்க் கேட்டால் "நீங்க வெண்டார் ஆளு", அதாவது ஒப்பந்ததாரரின் ஆள் என்கிறார்கள். கேட் பாஸில் இருந்த வெண்டாரைத் தேடிப் பிடித்துக் கேட்டால் "எங்களுக்கு ஆள் அனுப்புனது கன்சல்டன்சி, அவங்ககிட்டதான் பேசணும்" என்கிறார். கன்சல்டன்சி போனை எடுப்பதில்லை. ஒன்று சொல்கிறேன், ஒப்பந்ததாரர் கூலி கொடுக்காவிட்டால் வேலை நடந்த இடத்தின் முதன்மை நிறுவனம்தான் கொடுக்க வேண்டும். 1970-இல் வந்த ஒப்பந்தத் தொழிலாளர் சட்டத்திலிருந்தே இருக்கிற விதி இது. "எங்களுக்குச் சம்பந்தம் இல்லை" என்று கேட்டில் சொல்வதைக் கேட்டுத் திரும்பிவிடாதீர்கள்.

ஒரு சிலருக்குக் கொஞ்சம் பணம் போட்டு, துண்டுச் சீட்டு மாதிரி ஒரு பே ஸ்லிப் கொடுத்திருந்தார்கள். அதில் பி.எஃப். 12 சதவீதம், இ.எஸ்.ஐ. 0.75 சதவீதம் என்று கச்சிதமாகப் பிடித்தம் காட்டியிருந்தது. ஆனால் யாருக்கும் யு.ஏ.என். நம்பர், அதாவது பி.எஃப். உறுப்பினருக்குத் தரும் எண், கிடையாது. பிடித்த பணம் உண்மையிலேயே கட்டப்பட்டதா என்று அந்த நம்பரை வைத்து மத்திய அரசின் உமாங் ஆப்பில் பி.எஃப். பாஸ்புக்கைத் திறந்தால் தெரிந்துவிடும். நம்பரே தராதவர்கள் எங்கே கட்டியிருப்பார்கள்?

வேலை தேடுகிறவர்கள் நேராகப் போய்க் கேளுங்கள். தி.நகர் உஸ்மான் ரோடு, ரங்கநாதன் தெரு, புரசைவாக்கம் கடைகளில் சீசனுக்கு வாசலிலேயே "ஆட்கள் தேவை" போர்டு வைப்பார்கள். கூரியர் ஹப்களிலும் நேரில் போனால் எடுக்கிறார்கள். மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகங்கள் நடத்தும் தனியார் துறை முகாம்களுக்குக் கட்டணம் எதுவும் கிடையாது. எங்கே சேர்ந்தாலும் வாரச் சம்பளம் தருவீர்களா என்று முதலிலேயே கேளுங்கள், மழுப்பினால் எழுந்து வந்துவிடுங்கள். வீட்டிலிருந்தே பண்டிகை கிஃப்ட் பேக்கிங், பேனா பேக்கிங் என்று முன்பணம் கேட்பதெல்லாம் சுத்தப் பொய். அதில் பணம் போய்விட்டால் தாமதிக்காமல் சைபர் மோசடி உதவி எண் 1930-க்கு அடியுங்கள், எவ்வளவு சீக்கிரம் சொல்கிறீர்களோ அவ்வளவுக்கு அந்தப் பணத்தை முடக்க வாய்ப்பு.

எங்கள் மார்க் ஷீட்டுகள் காவல் நிலையத்தில் எழுதிக் கொடுத்த பிறகு யாரோ ஒரு பையன் மூலம் வந்து சேர்ந்தன. கூலி வரவில்லை, கட்டிய பணமும் வரவில்லை. தொழிலாளர் உதவி ஆணையர் அலுவலகத்தில் மனு கொடுத்திருக்கிறோம். அந்த பேட்சில் எங்களோடு வேலை பார்த்தவர்கள் இதைப் படித்தால் கேட் பாஸ் போட்டோ, ஜிபே ஸ்கிரீன்ஷாட், சூப்பர்வைசர் போட்ட மெசேஜ் எதையும் அழித்துவிடாமல் எனக்கு இன்பாக்ஸில் சொல்லுங்கள். அடுத்த விசாரணைக்கு எல்லோர் பெயரையும் சேர்த்தே கொடுக்கலாம்.