அகன்ற நிறமாலைக்கு எந்த ஒளியிழை?

லேசரின் ஒற்றை நிறத் துடிப்பை வெண்ணிற ஒளியாக விரிக்கும் ஃபோட்டானிக் படிக இழைகளில் (நுண்ணிய காற்றுத் துளைகள் கொண்ட கண்ணாடி இழைகள்) இரு வகைகள் போட்டியிடுகின்றன. இவற்றைப் பிரிப்பது நிறப்பிரிகையின் குறி: அதாவது, இழைக்குள் நீலம் விரைந்து செல்கிறதா (முரண்), சிவப்பு விரைந்து செல்கிறதா (இயல்பு) என்பது.

2000-இல் பெல் ஆய்வகத்தைச் சேர்ந்த ரங்கா குழுவினர் காட்டியது முதல் வகை. சுமார் 1.7 மைக்ரோமீட்டர் விட்டமுள்ள கண்ணாடி உள்ளகத்தைச் சுற்றித் தேன்கூடுபோல் காற்றுத் துளைகள் அமைந்திருந்தன. சாதாரண சிலிக்காவில் 1,270 நானோமீட்டருக்கு அருகில் சுழியாகும் நிறப்பிரிகையை அத்துளைகள் 770-க்கு அருகில் இழுத்துவந்தன. அதனால் 800 நானோமீட்டரில் இயங்கும் டைட்டானியம்-சஃபையர் லேசர் முரண் நிறப்பிரிகைப் பகுதியில் விழுந்தது. துடிப்பின் சொந்தச் செறிவே அதன் முன்பகுதியைச் சிவப்பை நோக்கியும் பின்பகுதியை நீலத்தை நோக்கியும் நகர்த்துகிறது. முரண் பகுதியில் நீலமே விரைந்து செல்வதால் பின்பகுதி முன்பகுதியை எட்டிப்பிடிக்க, துடிப்பு இறுகி, வடிவம் குலையாமல் செல்லும் சிறு துடிப்புகளான சொலிட்டான்களாக உடைகிறது. அவை ராமன் சிதறலால் (கண்ணாடியின் மூலக்கூறு அதிர்வுகளுக்கு ஒளி ஆற்றலை இழப்பதால்) மேலும் சிவப்பு நோக்கி நழுவ, எதிர்ப்புறத்தில் நீல அலைகள் கிளம்புகின்றன. 75 சென்டிமீட்டர் இழையில் ஏறத்தாழ 400 முதல் 1,600 நானோமீட்டர் வரை ஒளி பரவியது.

இந்த வீச்சுக்கு ஒரு விலை உண்டு. துடிப்பு நீளமாகவோ ஆற்றல் மிகுந்தோ இருந்தால், லேசரின் மிகச் சிறிய இரைச்சலும் உடையும் விதத்தை மாற்றிவிடும். சராசரி நிறமாலை வழவழப்பாகத் தெரிந்தாலும், தனித்தனித் துடிப்புகள் ஒன்றுபோல் இருப்பதில்லை.

இரண்டாம் வகையில், பயன்படும் அலைநீளங்கள் முழுவதிலும் நிறப்பிரிகை இயல்பு வகையாகவே இருக்குமாறு துளைகளைச் சிறிதாக்கி வடிவமைக்கிறார்கள். இங்கே முந்திச் செல்லும் சிவப்பு முந்திக்கொண்டே போவதால் துடிப்பு நீள்கிறதே தவிர உடைவதில்லை. நிறமாலை தட்டையாகவும், துடிப்புக்குத் துடிப்பு மாறாமலும் வருகிறது. ஆனால் உச்சத்திறன் விரைவில் தணிந்துவிடுவதால் அகலம் குறைகிறது, வலிமையான ஃபெம்டோ நொடி (10⁻¹⁵ நொடி) அளவுத் துடிப்பும் தேவைப்படுகிறது. பிகோ நொடிகள் (10⁻¹² நொடி) பலவாக நீளும் துடிப்பைச் செலுத்தினால் ராமன் இரைச்சல் இங்கும் தலைகாட்டும்.

ஒளிர்வு நுண்ணோக்கிக்குப் பல நிறங்கள் தரும் விளக்குதான் வேண்டுமென்றால் நான் முதல் வகையையே எடுப்பேன். 1,064 நானோமீட்டரில் இயங்கும் மலிவான நானோ நொடி லேசர்கூட அதற்குப் போதும். ஒவ்வொரு துடிப்பையும் தனித்தனியே அளக்க வேண்டிய ஆய்வுக்கு, அகலத்தை விட்டுக்கொடுத்தாவது இரண்டாம் வகையைத்தான் தேர்வேன். அதிர்வெண் சீப்புக்கு (சம இடைவெளியில் அமைந்த கூர்மையான அதிர்வெண்களின் வரிசைக்கு) மட்டும் இந்த விதி அப்படியே பொருந்தாது: துடிப்பு போதிய அளவு குறுகியதாக இருந்தால் முரண் வகை இழையும் ஒழுங்கு குலையாமல் விரிக்கும். தொடக்ககாலச் சீப்புகள் அவ்வகை இழையைக் கொண்டே ஒரு முழு எண்மத்தை (அதிர்வெண் இரட்டிப்பாகும் அகலத்தை) கடந்தன.