மூன்றாவது கேஸ்ட்ரோ டாக்டர்: நாலு வருட அனுபவம்

2021-ல் ஆரம்பித்த வயிற்றெரிச்சல். முதல் ஒரு வருடம் மெடிக்கல் ஷாப்காரர்தான் எனக்கு டாக்டர். காலையில் காபி, கையோடு அமிலத்தைக் குறைக்கும் பேன்டாப்ரசோல் 40 மி.கி. மாத்திரை ஒன்று. ராத்திரி எதுக்களித்தால் சிரப் இரண்டு மூடி.

போர்டில் 'கேஸ்ட்ரோ' (வயிறு, குடல் மருத்துவம்) என்று பார்த்ததும் நுழைந்தது ஒரு எம்.சிஎச். டாக்டரிடம். அவர் அறுவை சிகிச்சை நிபுணர் என்பதே உள்ளே போய்த்தான் தெரிந்தது. என் மாதிரி கேஸுக்கு எம்.டி. முடித்து, அதற்குமேல் மூன்று வருடம் டி.எம். படித்த மெடிக்கல் கேஸ்ட்ரோ வேண்டுமாம். நல்ல மனிதர், விவரமாகச் சொல்லி அனுப்பினார். ஃபீஸ் போனது போனதுதான்.

இரண்டாமவர் பெரிய தனியார் மருத்துவமனையில். உட்கார்ந்த மூன்றாவது நிமிடம் எண்டோஸ்கோப்பிக்குச் சீட்டு. தொண்டை மரத்துப்போக ஒரு கசப்பு ஸ்ப்ரே, பத்து நிமிடத்தில் வேலை முடிந்தது. வயிற்றில் ஹெச்.பைலோரி என்ற கிருமி இருக்கிறது என்று 14 நாள் ஆன்டிபயாடிக். நாக்கில் எந்நேரமும் இரும்பைச் சப்பிய ருசி. சரி, முடித்தேன். கிருமி போய்விட்டதா என்று திரும்பப் பார்க்க வேண்டும் என்று அங்கே யாரும் வாயைத் திறக்கவில்லை. ஒவ்வொரு முறையும் பழைய சீட்டோடு புதிதாக ஒரு மாத்திரை சேர்ந்ததுதான் மிச்சம்.

மூன்றாமவரை பக்கத்து வீட்டு அக்கா சொன்னார். சின்ன கிளினிக். ஃபைலை முதல் தாளிலிருந்து படித்தார். எடை குறைந்ததா, மலம் கறுப்பாகப் போனதா, விழுங்கும்போது அடைக்கிறதா, மூட்டுவலிக்கு மாத்திரை போடுகிறீர்களா என்று வரிசையாகக் கேட்டார். அப்புறம் என் மாத்திரை அட்டையைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தார்.

"இதை எப்போ போடுறீங்க?"

"காபி குடிச்சிட்டு, டாக்டர்."

"அப்போ பாதி வேலைகூடச் செய்யாதே சார்!"

சாப்பாடு இறங்கும்போதுதான் வயிறு அமிலத்தைச் சுரக்கக் கிளம்புமாம். அதற்கு அரை மணி நேரம் முன்னால் மருந்து உள்ளே இருக்க வேண்டுமாம். ஒன்றரை வருடம் தப்பாகவே விழுங்கியிருக்கிறேன்!

அடுத்து, கிருமி போய்விட்டதா என்று பார்க்க மூச்சுப் பரிசோதனை. அதற்காக இரண்டு வாரம் அமில மாத்திரையை நிறுத்தச் சொன்னார், அந்த இரண்டு வாரமும் நரகம். கிருமி அப்படியே இருந்தது. ஆஸ்திரேலியாவின் பாரி மார்ஷல் 1984-ல் இதே கிருமியை வேண்டுமென்றே குடித்துப் பார்த்தவர், 2005-ல் நோபலும் வாங்கினார். எனக்கு அதை விரட்ட இரண்டாவது சுற்று ஆன்டிபயாடிக்தான் கிடைத்தது, இந்த முறை வேறு மருந்துகள். அது முடிந்து ஆறு வாரம் கழித்து எடுத்த பரிசோதனையில் நெகட்டிவ்.

மாத்திரையையும் சட்டென்று நிறுத்த விடவில்லை. நிறுத்தினால் அமிலம் முன்னைவிட அதிகமாகச் சுரக்கும் என்று முதலில் 20 மி.கி., பிறகு ஒருநாள் விட்டு ஒருநாள், மூன்று மாதம் இழுத்தார்.

குறை இல்லாமல் இல்லை. டோக்கன் வாங்கினாலும் இரண்டு மணி நேரம் காத்திருக்க வேண்டும், போனை எடுக்கவே மாட்டார்கள். ஆனாலும் அங்கேதான் போகிறேன். மாத்திரையை விட்டு ஒன்றரை வருடம் ஆகிறது. கல்யாணச் சாப்பாட்டுக்கு மறுநாள் மட்டும் எரியும், அதற்குப் பழைய சிரப்.