பாலக்காட்டுக் காற்றில் மூங்கில் வில்: சில மழைக்காலங்களுக்குப் பிறகு

கொழிஞ்சாம்பாறைப் பக்கம் என் வில்லைப் பார்ப்பவர்கள் முதலில் கேட்பது, "எத்தனை பவுண்டு?" என்றுதான். நாணை எவ்வளவு விசையோடு இழுக்க வேண்டும் என்பதுதான் கணக்கு: 28 அங்குலம் இழுத்தால் 45 பவுண்டு. வில் செய்ய ஆசைப்படும் இளைஞர்கள் உடனே 60, 70 என்று கனவு காண்கிறார்கள். சில மழைக்காலம் இதே வில்லோடு பழகியதில் எனக்கு உறுதியாகத் தெரிந்தது இதுதான்: தூரம் வேண்டுமென்றால் பவுண்டை ஏற்றாதீர்கள், எடையைக் குறையுங்கள். வில் நுனியின் எடை, அம்பின் எடை, இரண்டையும்தான்.

வில்லுக்கு வெட்டிய மூங்கில், தோட்டத்து வேலியில் நின்றது. காட்டு மூங்கிலைத் தொட வேண்டாம், அது வழக்கில் போய் முடியும். முள் மூங்கிலைவிடக் கல்மூங்கில் நல்லது, சுவர் கனமாக இருக்கும். மூங்கிலின் வலுவெல்லாம் தோலை ஒட்டிய நாரில் இருக்கிறது. அதனால் தோல் பக்கம் இலக்கைப் பார்த்திருக்க, உள்பக்கத்தை மட்டும் சீவ வேண்டும். பக்கத்தில் இருந்து பார்த்த ஆசாரி அண்ணன், "கணுவைத் தட்டையாச் சீவிடாதீங்க தம்பி, அங்கதான் விட்டுப்போகும்" என்றார். நானும் கணுவின் மேட்டை அப்படியே விட்டேன். இன்றுவரை ஒரு நார் எழும்பவில்லை.

சீவுவதில் பொறுமை தேவைப்படுவது கடைசிக் கட்டத்தில்தான். கைப்பிடியைச் சுவரில் மாட்டி, நாணைக் கயிறும் கப்பியும் வைத்து இழுத்து, எட்ட நின்று வில்லின் இரண்டு கையும், அதாவது கைப்பிடிக்கு இருபுறமும் வளையும் பகுதிகள், ஒரே மாதிரி வளைகிறதா என்று பார்க்க வேண்டும். விறைப்பாகத் தெரியும் இடத்தில் பென்சிலால் கோடு, கண்ணாடிச் சில்லால் நாலு இழுப்பு, மறுபடி கப்பி. நுனிக்கு வரும்போது துணிந்து ஒல்லியாக்கலாம். நாணை விட்டதும் அதிக வேகமாகப் பாய்வது நுனிதான். அங்கே இருக்கும் ஒவ்வொரு கிராமும் அம்புக்குப் போக வேண்டிய விசையைத் தின்றுவிடும். என் வில்லின் நுனி சுண்டுவிரல் அகலம்தான்.

இனி அம்பு. பழைய 28 கிராம் அம்பு 150 மீட்டர் போன வயலில், 18 கிராம் அம்பு 180-ஐத் தாண்டுகிறது. வில் அதே வில், கை அதே கை. பிளந்த மூங்கிலைச் சீவி, கங்கில் காட்டி நிமிர்த்தி, நடுவில் கொஞ்சம் பருத்து இரு முனையும் ஒல்லியாக வரும்படி தேய்க்கிறேன். இஸ்தான்புல்லின் ஓக்மெய்தான் என்ற வில்வித்தைத் திடலில் தூரத்துக்கு எய்து, அம்பு விழுந்த இடத்தில் கல் நட்ட உதுமானிய வில்லாளிகளின் அம்பும் இந்த வடிவம்தான். அவர்களுடைய வில் கொம்பும் தசைநாரும் சேர்த்து ஒட்டியது, நம் மூங்கில் அதோடு போட்டிக்கு நிற்காது. அம்பின் வடிவத்தை மட்டும் தாராளமாக எடுத்துக்கொள்ளலாம்.

அம்பின் விறைப்பையும் பார்க்க வேண்டும். 26 அங்குல இடைவெளியில் இரண்டு ஆணி, மேலே அம்பு, நடுவில் 2 பவுண்டு எடை. 45 பவுண்டு வில்லுக்கு ஏறக்குறைய 15 மில்லிமீட்டர் தொய்ந்தால் சரி. அதிகம் தொய்ந்தால் அம்பு பாம்பாக நெளிந்தே வேகத்தை இழக்கும். இறகு வான்கோழி இறகு, மூன்று, சின்னதாக. எடை குறைகிறதே என்று ஈர்க்குச்சி மாதிரி அம்பு மட்டும் வேண்டாம். அது அம்பே இல்லாமல் வெறும் நாணை இழுத்து விடுவது போலத்தான், வில் உடையும்.

பாலக்காட்டுக் கணவாய்க் காற்றைச் சொல்லாமல் இந்த ஊரில் வில்லைப் பற்றிப் பேச முடியாது. ஆனி, ஆடியில் மேல்காற்று ஈரத்தைச் சுமந்து வரும். வில் அதைக் குடித்துவிடும். தூக்குத் தராசில் மாட்டி இழுத்தால் 40 பவுண்டுகூடத் தேறாது, நாணைக் கழற்றிய பிறகும் வளைவு அப்படியே நிற்கும். ஆளிவிதை எண்ணெய் மழைத்துளியைத் தடுக்குமே தவிர, காற்றின் ஈரத்தை முழுக்கத் தடுக்காது. அந்த மாதங்களில் என் வில் சமையலறைப் பரணில் படுத்திருக்கும். மார்கழி, தையில் கீழ்காற்று அடிக்கும்போது நேர்மாறு: விசை ஏறும், ஆனால் மூங்கில் காய்ந்து முறுகியிருக்கும். அரை இழுப்பாகச் சில தடவை இழுத்துப் பழக்கிவிட்டுத்தான் முழு இழுப்பு.

வண்டு ஒரு தொல்லை. வெட்டிய மூங்கிலை ஓடும் வாய்க்காலில் ஊறப்போட்டால் மாவுச்சத்து கரைந்து போகும். என் வில்லில் பொடி உதிரவில்லை. அதே வேலியில் வெட்டி ஊறப்போடாமல் வைத்த கழி சல்லடையாகிவிட்டது.

நாணுக்கு முதலில் மருள் என்ற செடியின் நார் திரித்தேன். பிடிக்கச் சுகம், ஆனால் தேய்கிறது. இப்போது பாலியஸ்டர் நூல், மேலே தேன்மெழுகு. எய்து முடித்ததும் நாணைக் கழற்றிவிடுவேன், ஒரு நாளும் தவறாமல்.

தூரம் எய்ய அறுப்பு முடிந்த வயல் வேண்டும். ஆள், மாடு, வரப்பில் பனையேறுபவர் யாரும் இல்லை என்று கண்ணால் பார்த்த பிறகுதான் நாணில் அம்பு. காற்றுத் தடை இருப்பதால் 45 பாகைக்குச் சற்றுக் கீழே பிடித்தால் அதிகத் தூரம் போகும். அம்பின் வாலில் சிவப்புச் சாயம் தடவி வையுங்கள், அறுத்த நெல்தாளுக்குள் தேட எளிது.