கைசரைக் கூட்டிவந்து கால்வாயைக் கடப்பது: ஹார்ட்ஸ் ஆஃப் அயர்ன் 4

இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் ஒரு நாட்டை எடுத்துக்கொண்டு அதன் படை, தொழிற்சாலை, அரசியல் எல்லாவற்றையும் நடத்துகிற கணினி விளையாட்டு ஹார்ட்ஸ் ஆஃப் அயர்ன் 4. வெளிவந்தது 2016 ஜூன் 6. நார்மண்டித் தரையிறக்கத்தின் நினைவு நாளாகப் பார்த்துதான் அதை உருவாக்கிய பாரடாக்ஸ் நிறுவனத்தார் வெளியிட்டார்கள். இத்தனை வருடம் கழித்து இதற்கு என்ன விமர்சனம் என்று கேட்பீர்கள். இதைப் பற்றி எழுதுகிறவர்களில் பாதிப் பேர் டாங்கி டிவிஷனை (படைப்பிரிவை) எப்படி அமைப்பது, போலந்தை எத்தனை வாரத்தில் முடிப்பது என்பதோடு நின்றுவிடுகிறார்கள். கடலைப் பற்றிக் கேட்டால் “அது தலையும் புரியாது வாலும் புரியாது, எல்லாக் கப்பலையும் ஒரே இடத்தில் போட்டுவிட்டு வேலையைப் பார்” என்பார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. தரையில் கோடு போட்டு அம்புக்குறி இழுத்தால் படை தானே நகர்ந்துவிடும். நம்மை உட்கார வைத்து வரைபடத்தைப் பார்த்து யோசிக்க வைப்பது கடல்தான்.

அதைச் சோதிக்க நல்ல ஆட்டம், ஜெர்மனியை எடுத்துக்கொண்டு வரலாற்றை வேறு பக்கம் திருப்பி, ஆங்கிலக் கால்வாயைக் கடந்து பிரிட்டனில் இறங்குவது. 2018 மார்ச்சில் வந்த வேக்கிங் த டைகர் டிஎல்சியோடு (விளையாட்டுக்குப் பின்னால் தனியாக விற்கிற கூடுதல் பகுதி) இந்த வழி திறந்தது. 1936-லேயே ராணுவம் ஹிட்லருக்கு எதிராகக் கிளம்புகிறது, உள்நாட்டுப் போர் மூள்கிறது, கிழட்டுத் தளபதி மக்கென்சன் தலைமை ஏற்கிறார், அப்புறம் ஹாலந்தில் டோர்ன் மாளிகையில் விறகு வெட்டிக்கொண்டு பொழுதைப் போக்கிய பழைய கைசர், அதாவது ஜெர்மன் பேரரசர், இரண்டாம் வில்ஹெல்மைத் திரும்ப அழைத்து அரியணையில் உட்கார வைக்கலாம். (விறகு வெட்டியது விளையாட்டில் வராது, அது நிஜ வரலாறு. மனிதர் 1941 ஜூனில் அங்கேயே இறந்தார்.) கதையாக நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் இதற்கு விலை உண்டு. ஃபோகஸ் என்கிற தேசிய இலக்கு ஒவ்வொன்றும் பெரும்பாலும் 70 நாள் தின்னும், உள்நாட்டுப் போரில் துப்பாக்கிக் கையிருப்பு கரையும், அதற்குள் பிரிட்டன் தன் பாட்டுக்குக் கப்பல் கட்டிக்கொண்டே இருக்கும்.

இங்கேதான் கணக்கு ஆரம்பிக்கிறது. பிஸ்மார்க் போர்க்கப்பலுக்கு 1936-ல் அடிக்கட்டை போட்டார்கள், சேவைக்கு வந்தது 1940 ஆகஸ்டில். விளையாட்டும் கிட்டத்தட்ட அதே பொறுமையைத்தான் கேட்கிறது. 1940-ல் ஒரு பெரிய கப்பல் வேண்டுமென்றால் முதல் வருடத்திலேயே கப்பல்தளத்தை ஒதுக்கியாக வேண்டும், அப்படி ஒதுக்கினால் அந்த எஃகு டாங்கிக்குப் போகாது. ஹிட்லர் 1939 ஜனவரியில் ஒப்புதல் கொடுத்த பிளான் ஸி என்கிற பிரம்மாண்டக் கப்பல் திட்டம் அந்தச் செப்டம்பரிலேயே போர் வந்ததும் கிடப்பில் போனது ஏன் என்று புத்தகத்தில் படித்தபோது எனக்குப் பெரிதாக உறைக்கவில்லை. உற்பத்தித் திரையில் எஃகு பற்றாக்குறையின் சிவப்பு எண்ணைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தால் உறைக்கும்.

போர்க்கப்பல் மட்டும் கட்டினாலும் ஆகாது. ஒரு பெரிய கப்பலுக்கு மூன்று என்ற கணக்கில் டெஸ்ட்ராயரோ லைட் க்ரூசரோ (சிறிய, வேகமான போர்க்கப்பல்கள்) காவலுக்குக் கூட வர வேண்டும். இல்லையென்றால் எதிரியின் டார்பிடோ நேராக உங்கள் ராட்சதக் கப்பலின் வயிற்றில் இறங்கும். மேன் த கன்ஸ் டிஎல்சி (2019 பிப்ரவரி) வந்த பிறகு கப்பலை நாமே வடிவமைக்கலாம், பீரங்கியா டார்பிடோவா ராடாரா என்று ஒவ்வொரு கட்டமாகத் தேர்ந்தெடுக்கலாம். எரிபொருளும் அதே சமயத்தில் வந்த இலவச அப்டேட்டில்தான் சேர்ந்தது. ஆட்டத்தின் சுபாவத்தையே அது மாற்றிவிட்டது. ரோந்துக்குப் போகிற கடற்படை எண்ணெயைக் குடிக்கிற வேகத்தைப் பார்த்தால் எண்ணெய்க் கிணறுகள் உள்ள ருமேனியாவை ஏன் எல்லோரும் கட்டிக்கொண்டு அழுதார்கள் என்று தெரியும். கைசர்தான் வந்துவிட்டாரே, 1914-ல் மெட்ராஸ் துறைமுகத்து எண்ணெய்த் தொட்டிகளைக் கொளுத்திவிட்டுப் போன எம்டன் மாதிரி ஒரு க்ரூசரை வங்கக் கடலுக்கு அனுப்பலாமே என்று கை துறுதுறுக்கும். எம்டனுக்குச் சீனக் கரையில் சிங்டாவ் என்ற தளம் இருந்தது. நமக்கு இல்லை. ஜெர்மனியின் கீல் துறைமுகத்திலிருந்து ரேஞ்ச் எட்டாது.

சரி, கால்வாய்க்கு வருவோம். பிரான்ஸ் விழுந்தாயிற்று, படை கலேயில் நிற்கிறது. கடல்வழிப் படையெடுப்புக்கு உத்தரவு போட ஒரு துறைமுகத்தைச் சுட்ட வேண்டும், அக்கரையில் ஒரு கடற்கரையைச் சுட்ட வேண்டும், டிவிஷன்களை ஒதுக்க வேண்டும். அப்புறம் ஆயத்தப் பட்டை மெதுவாக நிரம்பும். எத்தனை டிவிஷன் சேர்க்கிறோமோ அத்தனைக்கு நாள் கூடும். பட்டை நிரம்பியும் படை கிளம்பாது. மவுஸை அதன் மேல் கொண்டுபோய் வைத்தால்தான் காரணம் தெரியும்: போகிற வழியில் உள்ள கடல் மண்டலம் ஒவ்வொன்றிலும் கடல் ஆதிக்கம் பாதிக்கு மேல் நம் பக்கம் இருக்க வேண்டும், ஆங்கிலக் கால்வாயில் இல்லை. மூட்டையோடு படை கரையிலேயே நிற்கும். பிரிட்டிஷ் கடற்படை ஸ்காட்லாந்தின் வடக்கே உள்ள தன் தளமான ஸ்காபா ஃப்ளோவிலிருந்து இறங்கி வந்தால் ஆதிக்கம் சரியும், பழுது பார்க்கத் திரும்பினால் ஏறும். அந்த ஊசலாட்டத்தில் சில நாள் மட்டும் திறக்கிற கதவைப் பிடிப்பதுதான் முழு ஆட்டமும். அந்த நேரத்தில் வேகத்தைக் குறைத்து மணிக்கணக்கில் நகர்த்திப் பார்ப்பேன், வீட்டில் கூப்பிட்டால் காதில் விழாது.

அந்தக் கதவைத் திறக்கிற சாவி விமானத்தில் இருக்கிறது என்பதை விளையாட்டு எங்கேயும் நேராகச் சொல்வதில்லை. வடக்கு பிரான்ஸ் விமானத் தளங்களில் கப்பல்களைத் தாக்குகிற நேவல் பாம்பர்களை நிறுத்தி, மேலே ஃபைட்டர் பாதுகாப்பும் கொடுத்தால், கால்வாய்க்குள் நுழைகிற கப்பல் ஒவ்வொன்றாக மூழ்கும். கொஞ்சம் அநியாயமாகவே மூழ்கும் என்பேன். பல வருடம் பாடுபட்டுக் கட்டிய கடற்படை செய்யாததை, அதைவிட எவ்வளவோ மலிவான விமானங்கள் செய்துவிடுகின்றன. இதை யாராவது சரிசெய்தால் தேவலை. அதே போல டுட்டோரியல் என்று ஒன்று இருக்கிறது, கடலுக்கு அது சுத்தமாக உதவாது. நம் பையன்கள் யாராவது யூடியூபில் தமிழில் விளக்கினால் புண்ணியம்.

கரை இறங்கிய பிறகு நடப்பதுதான் எனக்குப் பிடித்த கட்டம். 2021 நவம்பரில் வந்த நோ ஸ்டெப் பேக்கோடு சப்ளை முறையையே மாற்றினார்கள். ரயில் பாதை, சப்ளை மையம், துறைமுகம் என்று எல்லாம் கண்ணுக்குத் தெரியும். கடற்கரையில் இறங்கிய படைக்குக் கையிலிருப்பது கொஞ்ச நாளுக்குத்தான். அதற்குள் போர்ட்ஸ்மத்தோ பிளிமத்தோ கையில் வரவில்லையென்றால் டிவிஷன்கள் பட்டினியில் கிடந்து உதிரும். அதனால் லண்டனை நோக்கி அம்பு இழுக்கிற ஆசையை அடக்கிக்கொண்டு, பக்கத்திலுள்ள துறைமுகத்துக்கு முதலில் ஓட வேண்டும். பிடித்த பிறகும் கான்வாய்கள் (சரக்குக் கப்பல்கள்) ஓயாமல் ஓட வேண்டும், அவற்றுக்குக் காவல் வேண்டும். 1974-ல் இங்கிலாந்தின் சாண்ட்ஹர்ஸ்ட் ராணுவக் கல்லூரியில், பிரிட்டன்மேல் படையெடுக்க ஹிட்லர் போட்ட ஸீலயன் திட்டத்தை ஒரு போர் விளையாட்டாக ஆடிப் பார்த்தார்கள். இரண்டு தரப்பிலும் நிஜமாகப் போரிட்டவர்களே நடுவர்களாக உட்கார்ந்தார்கள். முடிவு என்ன? முதல் அலை கரை ஏறிவிட்டது, பின்னாலிருந்து வந்திருக்க வேண்டியதை பிரிட்டிஷ் கடற்படை அறுத்துவிட்டது, இறங்கியவர்கள் மாட்டிக்கொண்டார்கள். இந்த விளையாட்டில் அவசரப்பட்டு இறங்கினால் அதே கதைதான்.

நிஜத்தில் ஜெர்மன் கடற்படை 1940 ஏப்ரலில் நார்வேயிலேயே முதுகு ஒடிந்துவிட்டது. நார்விக்கில் மட்டும் பத்து டெஸ்ட்ராயர் போயிற்று, கையிலிருந்ததில் ஏறக்குறைய பாதி. விளையாட்டில் நார்வேயைத் தொடாமல் விட்டுவிட்டு அந்தப் பத்தையும் கால்வாய்க்கு வைத்துக்கொள்ளலாம். ஸ்வீடனின் இரும்புத் தாதுவுக்கு நார்வே கரை வேண்டுமே என்று அன்றைய தளபதிகள் யோசித்ததையும் சேர்த்தே யோசிக்கலாம். எதை விடுவது, எதை எடுப்பது என்கிற இந்த இழுபறிக்காகத்தான் இதை ஆடுவது.

குறை என்று சொன்னால் முதலாவது ஏஐ, அதாவது கணினியே ஆடுகிற எதிரி. நாம் இரண்டு வருடம் உட்கார்ந்து யோசிக்கிற திட்டத்துக்குத் தகுந்த எதிரி அது இல்லை. கப்பல்களைக் கொத்துக் கொத்தாகப் பிரித்து அனுப்பிப் பறிகொடுக்கும், ஆப்பிரிக்காவில் படையைக் குவித்துவிட்டுச் சொந்தத் தென்கரையை அரைகுறையாக விட்டுவைக்கும். பல தடவை கரையில் இறங்கிப் பார்த்தால் வரவேற்க ஆளே இருக்காது, அப்போது ஜெயித்த சந்தோஷமே வராது, பரீட்சை மண்டபத்தில் கண்காணிப்பாளர் தூங்கிவிட்ட மாதிரி ஒரு சப்பென்ற உணர்வு. எதிரே மனிதர்கள் ஆடினால் கதை வேறு. அதற்குப் பொறுமையுள்ள நண்பர்கள் வேண்டும், ஒரு ஞாயிறு முழுதும் வேண்டும். இரண்டாவது, 1943, 44-க்கு மேல் போகும்போது உலகம் முழுக்க டிவிஷன் பெருகி நாட்கள் நத்தையாக நகரும். நல்ல ப்ராசஸர் இல்லாத லேப்டாப்பில் கடைசிக் கட்டம் தவம்தான்.

டிஎல்சி விஷயம் தனி எரிச்சல். எல்லாவற்றையும் ஒரே மூச்சில் வாங்காதீர்கள், அடிப்படை விளையாட்டைவிடப் பல மடங்கு செலவாகும். பழையவற்றில் சிலவற்றைப் பின்னாளில் அடிப்படை விளையாட்டிலேயே சேர்த்துவிட்டார்கள், அதனால் விளையாட்டு விற்கிற ஸ்டீம் தளத்தில் எது உள்ளே இருக்கிறது, எதைத் தனியாக வாங்க வேண்டும் என்று பார்த்துக்கொண்டு தள்ளுபடிக் காலத்தில் வாங்குங்கள். கடலுக்கு மேன் த கன்ஸ், தரைக்கு நோ ஸ்டெப் பேக், இரண்டு போதும். நாட்டுக்கொரு ஃபோகஸ் மரம் விற்கிற மற்றதெல்லாம் அந்த நாட்டின் மேல் ஆசை வந்தால் பார்த்துக்கொள்ளலாம்.

மாற்று வரலாறுதான் வேண்டும் என்றால் கைசர்ரைக் என்ற மோடை (ரசிகர்கள் செய்த மாற்றுப் பதிப்பு) ஸ்டீம் வொர்க்‌ஷாப்பில் இலவசமாகவே எடுக்கலாம். முதல் உலகப் போரில் ஜெர்மனி ஜெயித்த உலகம் அது. பிரான்ஸ், பிரிட்டன் இரண்டிலும் புரட்சி நடந்து, பழைய பிரெஞ்சு அரசு அல்ஜியர்ஸில் ஒதுங்கியிருக்கும், அங்கிருந்து மத்தியதரைக்கடலைத் தாண்டித் தாய்நாட்டை மீட்க வேண்டும். கையில் பணமும் இல்லை ஆளும் இல்லை, கொஞ்சம் கப்பல்தான். கால்வாயைக் கடப்பதைவிடப் பத்து மடங்கு கஷ்டமான, பத்து மடங்கு சுவையான கடல் ஆட்டம் இது. இந்தியாவும் மூன்றாகப் பிரிந்து கிடக்கும்: டெல்லியில் ஒரு டொமினியன், கல்கத்தாவில் பாரதிய கம்யூன், தெற்கே சமஸ்தானங்களின் கூட்டமைப்பு. ஒன்று மட்டும், மூல விளையாட்டுக்குப் புது பேட்ச் வந்தவுடன் மோட் சில நாள் உடைந்து நிற்கும். பாதி ஆட்டத்தில் இருப்பவர்கள் ஸ்டீமில் பீட்டா பகுதிக்குப் போய்ப் பழைய பதிப்பைத் தேர்ந்தெடுத்து வைத்துக்கொள்ளுங்கள், சேவ் ஃபைல் பிழைக்கும்.