3.2 மீட்டர் கார்ட்டன் ஸ்டீல் சிற்பம்: உருவத்தில் குறையில்லை, அடியில்தான்

முறுக்கிய நாடா போல மேலேறி, பாதியில் இரண்டாகப் பிரிந்து, உச்சியில் மறுபடி ஒட்டும் உருவம். 6 மி.மீ. கார்ட்டன் தகடு (தன் துருவையே காப்புத் தோலாக்கிக்கொள்ளும் எஃகு), உள்ளே வெற்றிடம். சுற்றி நடந்தால் அடிக்கு அடி நிழல் மாறுகிறது. சாயும் வெயிலில் பார்க்க வேண்டியது.

கார்ட்டனுக்குப் பெயிண்ட் வேண்டாம் என்பது உண்மைதான். தகட்டில் கலந்த செம்பும் குரோமியமும் துருவை இறுக்கமான தோலாக்கி, மேற்கொண்டு அரிக்காமல் காக்கின்றன. ஆனால் அந்தத் தோல் படிய, தகடு நனைந்து நனைந்து காய வேண்டும். காயாத மூலையில் அதுவும் சாதாரண இரும்புதான். இதில் கீழ் மடிப்பு கிண்ணம் போலக் குழிந்திருக்கிறது, வடிகால் துளையே இல்லை! தாழ்ந்த இடத்தில் 12 மி.மீ. துளை இரண்டு போட்டுவிடுங்கள். ஒன்று மட்டும் என்றால் சருகு அடைத்துக்கொள்ளும்.

வெல்டிங் சுத்தம். நிக்கல் கலந்த வெல்டிங் கம்பி என்கிறது விற்பவரின் விவரத்தாள். சாதாரணக் கம்பியாக இருந்தால் வெல்டிங் தையல் மட்டும் வேறு நிறத்தில் தெரியும், முதலில் அரிப்பதும் அதுதான். மடிப்பின் உட்புறம் மட்டும் மணலை வீசித் தேய்க்கும் சுத்திகரிப்புக்குத் தப்பியிருக்கிறது. தகட்டைச் சூடாக உருட்டும்போது படியும் கருந்தோல் அங்கே அப்படியே இருப்பதால் துரு திட்டுத் திட்டாகத்தான் பிடிக்கும்.

'தன் எடையிலேயே நிற்கும்' என்ற விளம்பரத்தை நம்ப வேண்டாம். தகடு 12 சதுர மீட்டர், சதுர மீட்டருக்கு 47 கிலோ; 80 செ.மீ. சதுர அடித்தகட்டையும் சேர்த்தால் சுமார் 665 கிலோ. நொடிக்கு 40 மீட்டர் காற்று ஒவ்வொரு சதுர மீட்டரையும் ஏறக்குறைய 100 கிலோ விசையோடு தள்ளும். காற்றை எதிர்கொள்ளும் பரப்பு 3.5 சதுர மீட்டர் என்றால், அது பாதி உயரத்தில் தள்ளுவதால், சாய்க்கும் திருப்புவிசை, எடை தாங்கும் திருப்புவிசையைப் போல இரு மடங்கு. 1.2 மீட்டர் சதுரத்தில் 60 செ.மீ. ஆழக் கான்கிரீட்டும் அதில் பதிக்கும் நான்கு எம்20 (20 மி.மீ. விட்டம்) ஆங்கர் போல்ட்டும் குறைந்தபட்சம். மண்ணைப் பார்த்துப் பொறியாளர் முடிவு செய்யட்டும். கூட வரும் துத்தநாகம் பூசிய போல்ட்டை ஒதுக்குங்கள்: கார்ட்டனோடு சேர்ந்தால் துத்தநாகம் சீக்கிரம் கரைந்துவிடும்.

முதல் ஓரிரு ஆண்டு துரு கலந்த செந்நீர் வடியும். வெளிர் கல்தளத்தில் விழுந்தால் கறை போகாது, சுற்றிலும் சரளை கொட்டுங்கள்.

உப்புக்காற்று வீசும் இடத்துக்கு இது வேண்டவே வேண்டாம். அந்தத் தோல் அங்கே நிலைக்காது. இதே உருவத்தை 316 வகை ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் கேளுங்கள். 304 வகை என்றால் அதிலும் பழுப்புக் கறை ஏறும்.