வெள்ளவத்தை ஈரக்காற்றில் ஒரு பால்சா விமானம்: ஐந்து வருட அனுபவம்

2019 டிசம்பரில் ரொறன்ரோவிலிருந்து விடுமுறைக்கு வந்த அக்காவின் மகன், சூட்கேசின் அடியிலிருந்து ஒரு நீளமான அட்டைப்பெட்டியை எடுத்து, "மாமா, நீங்கள் கேட்டது" என்று மேசையில் வைத்தான். ரேடியோவால் இயக்கும் மாதிரி விமானம் ஒன்றை நாமே கட்டுவதற்கான கிட் அது. உள்ளே பால்சா என்ற மிக இலேசான மரத்தில் லேசரால் வெட்டிய பலகைகள், மெல்லிய ஒட்டுப்பலகைத் துண்டுகள், ஒரு கட்டு மரக்குச்சிகள், சுருட்டி வைத்த முழு அளவு வரைபடம். மோட்டர், ரேடியோ, மேலே போர்த்திச் சூடாக்கினால் இறுகும் பிலிம் எதுவும் இல்லை. விலை 120 அமெரிக்க டொலர். அப்போது டொலர் 180 ரூபாய் அளவில் இருந்தது. 2022 நடுப்பகுதியில் அதே டொலர் 360 ரூபாயைத் தாண்டியது. இதை ஏன் சொல்கிறேன் என்பது பின்னால் புரியும்.

அந்த விமானம் இன்றும் பறக்கிறது. கட்டத் தொடங்கி ஐந்து வருடம் தாண்டிவிட்டது. கொழும்பு வெள்ளவத்தையில் கடற்கரையிலிருந்து இரண்டு ஒழுங்கை தள்ளி இருக்கும் எங்கள் வீட்டில் மரமும் பசையும் பிலிமும் எப்படித் தாக்குப்பிடித்தன என்று, இதே ஆசையில் இருப்பவர்களுக்காக எழுதுகிறேன். கிட்டின் பெயர் முக்கியமில்லை. இதே மாதிரியான பயிற்சி விமானங்களைப் பல நிறுவனங்கள் செய்கின்றன.

இறக்கை உடலுக்கு மேலே இருக்கும் வகை. இறக்கையின் நீளம் 1500 மி.மீ., அகலம் 230 மி.மீ. இறக்கையைக் குறுக்கே வெட்டினால் தெரியும் வடிவம் 'கிளார்க் வை' எனப்படுவது. 1922இல் வரையப்பட்ட அந்த வடிவத்தை இன்னும் பயிற்சி விமானங்களில் பார்க்கலாம். அதன் அடிப்பக்கம் முன்விளிம்பிலிருந்து சுமார் 30 சதவீதத்துக்குப் பின்னால் தட்டையாகப் போகும். அதனால் இறக்கையைச் சமமான பலகை ஒன்றில் வைத்தே கட்டிவிடலாம். முதல்முறை கட்டுபவருக்கு இது பெரிய உதவி.

2020 மார்ச் 20ஆம் திகதி ஊரடங்கு வந்தது. வரைபடத்தை விரிக்க மேசை போதவில்லை. ஸ்டோர் அறையில் கிடந்த பழைய பலாமரக் கதவைக் கழுவிக் காயவைத்து, இரண்டு கதிரைகளின் மேல் வைத்தேன். பலாவில் குண்டூசி இறங்காது. அதனால் அறிவித்தல் பலகைக்குப் போடும் மென்பலகையை மேலே விரித்தேன். அதன் மேல் வரைபடம், அதற்கு மேல் மெல்லிய பொலித்தீன். பசை பொலித்தீனில் ஒட்டாது.

கட்ட முன்னர் நான் செய்த ஒரு வேலையை எல்லோருக்கும் சொல்வேன். இறக்கைக்கு வடிவம் தரும் ஒவ்வொரு விலாவையும், ஒவ்வொரு சட்டத்தையும் தடித்த கடதாசியில் வைத்துப் பென்சிலால் சுற்றி வரைந்து, இலக்கமிட்டு, ஒரு பிஸ்கட் டின்னில் போட்டேன். வெட்டி எடுத்தபின் மிஞ்சிய பால்சாத் துண்டுகளையும் வீசவில்லை. எல்லாவற்றுக்கும் இரண்டு நாள் பிடித்தது.

பசை விஷயத்தில் கொழும்பு தனி ஊர். சூப்பர் குளூ காற்றிலுள்ள ஈரத்தால்தான் இறுகும். இங்கே மழைக்காலத்தில் துண்டைச் சரியாக வைக்க முன்னரே பிடித்துக்கொள்கிறது. திறந்த போத்தலும் சில வாரங்களில் தடித்துவிடும். இப்போது திறக்காத போத்தலைக் குளிர்சாதனப் பெட்டியில் வைக்கிறேன். எடுத்தவுடன் மூடியைத் திறப்பதில்லை, அறைச் சூட்டுக்கு வரும்வரை பொறுத்திருப்பேன். இல்லாவிட்டால் குளிர்ந்த போத்தலுக்குள் ஈரம் படிந்து, உள்ளிருக்கும் பசையும் கெட்டுவிடும். திறந்த போத்தல் சிலிக்கா ஜெல் போட்ட டப்பாவுக்குள் போகும். பாரம் தாங்கும் மூட்டுகளுக்கு, அதாவது மோட்டர் பொருத்தும் முன்பலகைக்கும் இறக்கையின் நடு இணைப்புக்கும், இரண்டு திரவங்களைக் கலந்து பூசும் 30 நிமிட எபொக்ஸிப் பசைதான். மற்ற இடங்களுக்கு ஹாட்வெயார் கடையில் கிடைக்கும் தச்சுப் பசையே போதும் என்பது என் முடிவு. மெதுவாகக் காயும், ஆனால் நகர்த்தித் திருத்த நேரம் தரும், மூக்கும் எரியாது.

குண்டூசிகள் இரண்டு நாளில் துருப்பிடித்து மரத்தில் பழுப்புப் புள்ளி வைத்தன. உப்புக்காற்று. ஸ்டெயின்லெஸ் ஊசி கிடைத்தால் வாங்குங்கள்.

அடுத்தது இறக்கை. நான் அதிகம் கற்றுக்கொண்டது இதில்தான். பால்சா ஒரு கனசதுர மீற்றருக்கு 150 கிலோ அளவில்தான் இருக்கும், தேக்கின் கால் பங்கு. அந்த இலேசான மரம் ஈரத்தை உறிஞ்சி அசையும். ஒக்டோபர் மழையில் பிலிம் போர்த்தினேன். போர்த்தும்போது இரண்டு இறக்கைகளும் நேராக இருந்தன. இரண்டு வாரம் கழித்து கதவுப் பலகையில் வைத்துப் பார்த்தால், வலது நுனியில் பின்விளிம்பு 6 மி.மீ. மேலே எழும்பி நின்றது. அந்தப் பக்கம் தூக்குவிசை குறையும், விமானம் எப்போதும் வலப்பக்கம் சரியும். எனக்கு வயிற்றைக் கலக்கியது.

கல்கிசையில் ஓர் அங்கிள் இருக்கிறார். ஓய்வுபெற்ற சிங்களப் பொறியியலாளர், எழுபது தாண்டியவர், அழகாகத் தமிழ் பேசுவார். போனில் கேட்டேன். "பயப்படாதே மகன், பிலிம் முறுக்கியதைப் பிலிமே எடுத்துவிடும்" என்றார். சொன்னபடி செய்தோம். மகள் இறக்கையின் நுனியை இரண்டு கையாலும் பிடித்து எதிர்ப்பக்கம், நேர்நிலையையும் தாண்டிக் கொஞ்சம் முறுக்கினாள். நான் ஸ்திரிக்கைப் பெட்டியால் மேலும் கீழும் சூடாக்கினேன். பிலிமில் விழுந்த சுருக்கங்கள் ஒவ்வொன்றாக மறைந்தன. சூடு ஆறும்வரை அவள் கையை எடுக்கவில்லை. மூன்று முறை செய்ததில் 6 மி.மீ. என்பது 1 மி.மீ. ஆகக் குறைந்தது. இப்போது ஒவ்வொரு வருடமும் நவம்பரில் இறக்கையைக் கதவில் வைத்து அளப்போம். மகள்தான் அளவுகோல் பிடிப்பாள். ஒரு வருடம் தவிர மற்ற எல்லா வருடமும் 2 மி.மீ.க்குள்தான் இருந்தது. நீங்கள் போர்த்துவதாக இருந்தால் பெப்ரவரியில் போர்த்துங்கள்.

பிலிமின் நிறத்திலும் கவனம் வேண்டும். மேலே மஞ்சள், கீழே கடும் நீலம் போட்டேன். சாம்பல் வானத்தில் எந்தப் பக்கம் திரும்புகிறது என்று உடனே தெரியும். ஆனால் வெயிலில் நிறுத்திய காருக்குள் நீலப்பக்கம் சூடாகிக் கொப்பளித்தது. இப்போது பழைய படுக்கை விரிப்பால் சுற்றித்தான் கொண்டுபோகிறேன்.

மின்சாரப் பக்கத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 900 கே.வி. (ஒரு வோல்டுக்கு நிமிடத்தில் 900 சுற்று) பிரஷ்லெஸ் மோட்டர், 10 அங்குல ப்ரொப்பெலர், 11.1 வோல்ட் 2200 மில்லி அம்பியர் மணி லிப்போ பற்றரி, சுக்கான்களை அசைக்கும் சிறிய சேர்வோ மோட்டர் நான்கு. எல்லாம் சேர்ந்து 1280 கிராம். ஏழு, எட்டு நிமிடம் பறக்கும். பற்றரியை முழுச் சார்ஜில் அலுமாரியில் வைக்காதீர்கள். செல்லுக்கு 3.8 வோல்டில் வையுங்கள். என் முதல் இரண்டு பற்றரிகளும் இந்தச் சூட்டில் இரண்டரை வருடத்தில் வீங்கிவிட்டன.

எங்கே பறக்கவிடுவது? கொழும்புக்குள் வேண்டாம். காலிமுகத்திடலில் பட்டம் விடுகிறார்களே என்று சிலர் கேட்பார்கள். அங்கே பிள்ளைகள் ஓடித் திரிகிறார்கள், இது ஒரு கிலோவுக்கு மேல் எடையும் சுழலும் விசிறியும் உள்ள பொருள். தெற்கே சில கிலோமீற்றரில் இரத்மலானை விமான நிலையமும் இருக்கிறது. 2019 ஏப்ரல் குண்டுவெடிப்புகளுக்குப் பிறகு சிவில் விமானப் போக்குவரத்து அதிகாரசபை ஆளில்லா வானூர்திகள் எல்லாவற்றையுமே நிறுத்தி வைத்திருந்தது. ஆகவே மரம் வாங்க முன்னரே அன்றைய விதி என்ன, என்ன அனுமதி தேவை என்று அவர்களிடம் கேட்டுவிடுங்கள். எங்கள் பறப்பு அவிசாவளைப் பக்கம், அறுவடை முடிந்த வயலில், சொந்தக்காரரிடம் சொல்லிவிட்டு. விடிய ஆறரைக்குத் தொடங்கி ஒன்பதுக்குள் முடித்துவிடுவோம். வெயில் ஏறக் காற்றும் ஏறும்.

2021 மார்ச்சில் முதல் பறப்பு. ரேடியோ அங்கிளின் கையில். புவியீர்ப்பு மையம் முன்விளிம்பிலிருந்து 65 மி.மீ. இருக்க வேண்டும் என்பதில் அவர் விட்டுக்கொடுக்கவில்லை. மூக்கில் 40 கிராம் ஈயம் வைத்தபிறகுதான் கையில் எடுத்தார். வயலின் மேல் அது ஒரு வட்டம் போட்டுத் திரும்பியபோது, உள்ளே இருக்கும் ஒவ்வொரு குச்சியும் எனக்குத் தெரியும் என்ற நினைப்பில் கண் கலங்கிவிட்டது.

2022 பெப்ரவரியில் விழுந்தது. மேலே ஏறும்போது திடீரென மூக்கைத் தூக்கி, வேகம் இழந்து, நேராக வரப்பில் இறங்கியது. காரணம் பற்றரி. கிட்டில் பற்றரித் தட்டு வெறும் ஒட்டுப்பலகை, பட்டி கோர்க்கத் துளையே இல்லை. ஒட்டும் வெல்க்ரோவை மட்டும் நம்பச் சொல்லியிருந்தார்கள். காரின் சூட்டில் அதன் பசை இளகி, பற்றரி பின்னால் சறுக்கிவிட்டது. இந்தக் கிட்டில் எனக்குள்ள உண்மையான குறை இதுதான். எந்தக் கிட் என்றாலும் உடலை மூடமுன் இரண்டு துளை போட்டு ஒரு பட்டி கோர்த்துவிடுங்கள்.

முன்பலகை பிளந்து, இடது இறக்கையில் மூன்று விலாக்கள் நொறுங்கி, நடுச்சட்டம் ஒன்று முறிந்திருந்தது. அடுத்த மாதம் நாடே நின்றது. பெற்றோல் வரிசை, மார்ச் கடைசியில் ஒரு நாளுக்கு 13 மணித்தியால மின்வெட்டு. வெளியிலிருந்து மரம் எடுப்பதை நினைத்தும் பார்க்க முடியாது. அப்போதுதான் பிஸ்கட் டின்னைத் திறந்தேன். 4, 5, 6 என்று இலக்கமிட்ட கடதாசி விலாக்கள் அப்படியே இருந்தன. மிஞ்சிய பால்சாவில் வைத்து வெட்டினேன். சிறிய துண்டுகளை இரண்டிரண்டாக ஒட்டித்தான் அகலம் வந்தது. முன்பலகைக்கு ஹாட்வெயார் கடையின் 3 மி.மீ. ஒட்டுப்பலகை இரண்டு தட்டு. 6 மி.மீ. நடுச்சட்டத்தை 70 மி.மீ. நீளத்துக்குச் சாய்வாகச் சீவி ஒட்டினேன். தடிப்பின் பத்துப் பன்னிரண்டு மடங்கு சாய்வு இருந்தால் மூட்டு முறியாது. பகல் வெளிச்சத்தில் தச்சுப் பசை, கரண்ட் வரும் நேரத்தில் ஸ்திரிக்கைப் பெட்டி. ஏழு வாரம்.

எடை 1410 கிராம் ஆனது. இறங்கும்போது முன்பைவிடக் கொஞ்சம் வேகம் வைக்க வேண்டியிருக்கிறது, வேறு வித்தியாசம் தெரியவில்லை.

பிறகு ஒரு நுரை விமானமும் வாங்கினேன். ஒரு மாலையில் பூட்டிவிடலாம், விழுந்தாலும் பெரும்பாலும் தாங்கும். பறக்கப் பழக அதுவே நல்லது என்று வெளிப்படையாகச் சொல்கிறேன். மரவிமானத்தில் முதல் பாடம் படிக்காதீர்கள், மனம் தாங்காது. ஆனால் அந்த நுரை ஒரு வருட வெயிலில் அலைபோல நெளிந்துவிட்டது, அதை நிமிர்த்த எனக்கு வழி தெரியவில்லை. மரம் நெளிந்தால் என்ன செய்வது என்று எனக்குத் தெரியும்.

இப்போது பார்க்க வேண்டியவை: சேர்வோவைச் சுக்கானோடு இணைக்கும் தள்ளுகம்பிகளின் கொக்கிகளில் துரு, இரண்டு முறை மாற்றியாயிற்று. வால் சுக்கானின் கீலில் தளர்வு. மஞ்சள் பிலிம் வெளிறி, முன்விளிம்பில் கிளம்பத் தொடங்கிவிட்டது. வரும் பெப்ரவரியில் வலது இறக்கையை உரித்துப் புதிதாகப் போர்த்தப்போகிறோம். இந்த முறை ஸ்திரிக்கைப் பெட்டி தன் கையில் என்று மகள் சொல்லிவிட்டாள். நுனியை நான் பிடிக்க வேண்டும்.