சம்ப் ஆழமாக்கக் குடுக்கிறவங்க கவனத்துக்கு: ₹18,500 போச்சு, கூடவே பேரிங்கும்

பேர் போடல. ரேஸ் வண்டி வேலை பார்க்கிறோம்னு போர்டு மாட்டின ஒரு பட்டறை, அவ்வளவு போதும். சம்ப்னா இன்ஜினுக்கு அடியில ஆயில் தேங்குற தொட்டி.

வண்டி பழைய மாருதி எஸ்டீம். ஃபில்டரோட சேர்த்து சுமார் 3.5 லிட்டர் ஆயில் பிடிக்கும். நீளமான வளைவுல ஆயில் ஒரு பக்கமா ஒதுங்கி, சம்ப்புல இருந்து ஆயிலை உறிஞ்சுற பிக்கப் பைப் காத்தை இழுத்துடக் கூடாதுன்னுதான் இந்த வேலையே. சம்ப்பை 45 மி.மீ. ஆழமாக்கணும், உள்ளே ஆயில் ஒதுங்காம தடுக்கிற பேஃபிள் தகடு வைக்கணும், பிக்கப்பையும் அதே அளவுக்கு நீட்டணும். எல்லாம் சேர்த்து ₹18,500. பேஃபிள் வெல்டிங்கைக் காட்டினாங்க, அவ்வளவு சுத்தமா இருந்துச்சு. அதைப் பார்த்தா யாரும் நம்புவாங்க. "டிப்ஸ்டிக்கும் புதுசு போட்டாச்சுங்ணா, மேல் கோடு வரைக்கும் ஊத்திக்குங்க, போதும்"னு சொன்னாங்க. (டிப்ஸ்டிக்னா ஆயில் மட்டம் பார்க்கிற கம்பி. மேல் கோடு நிறைஞ்ச அளவு, கீழ் கோடு குறைஞ்சபட்ச அளவு.)

ஊத்துனா 3.5 லிட்டர்லயே மேல் கோடு வந்துடுச்சு. அங்கதான் திருட்டுத்தனம். ஆழமாக்கின பகுதி மட்டுமே 1.2 லிட்டர் முழுங்கும். பிக்கப்பை நீட்டவே இல்ல, அதனால அந்த 1.2 லிட்டர் அடியில சும்மா கிடக்கும். மீதி 2.3 லிட்டர்தான் வேலை செய்யும். பழைய சம்ப்புல கீழ் கோட்டுக்கே ஏறக்குறைய 2.5 லிட்டர் வேணும்! அவங்க போட்டது வேற ஏதோ இன்ஜினோட ஸ்டிக், 35 மி.மீ. கூடுதல் நீளம். ஸ்டிக் ஆழமா இறங்குனா ஆயில் குறைவா இருந்தாலும் கோடு நனையத்தான் செய்யும். பிக்கப் பாதி நேரம் காத்தைக் குடிச்சிருக்கு. கிராங்க்கும் (பிஸ்டனால சுத்துற தண்டு) கனெக்டிங் ராடும் சேர்ற இடத்துல இருக்கிற பிக் எண்ட் பேரிங் ரெண்டு செம்பு தெரியுற அளவுக்குத் தேஞ்சு போச்சு.

கேட்டா முதல்ல "ஆயில் பிராண்ட் சரியில்லீங்ணா". அப்புறம் "நீங்க ரெவ்வு ஏத்தி ஓட்டிருப்பீங்க". ஸ்டிக்கைப் பக்கத்துல வெச்சு அளந்து போட்டோ அனுப்பினதும் "ஓனர் வெளியூர்". கடைசியா "பில்லு இருக்குங்களா?" ₹18,500 வாங்கும்போது பில் தராதவன் கேக்குற கேள்வியைப் பாருங்க.

இனி விஷயத்துக்கு வர்றேன். மேல் கோடு லிட்டர் கணக்கு இல்ல. சுத்துற கிராங்க்குக்கும் ஆயில் மட்டத்துக்கும் நடுவுல இன்ஜின் கட்டினவன் விட்ட இடைவெளி அது. சம்ப்பை எவ்வளவு பெருசாக்கினாலும் அந்த உயரம் மாறக் கூடாது. மட்டம் மேல ஏறுனா கிராங்க்கோட எடைத் துண்டு ஆயிலை அடிச்சு நுரையாக்கும், பிரஷர் நிக்காது, ப்ரீதர் (இன்ஜின் உள்காத்து வெளியேறுற குழாய்) வழியா ஆயில் கக்கும். கீழ இறங்குனா என் கதிதான். அதனால ஸ்டிக் நுழையுற ட்யூப்பைத் தொடாத வரைக்கும் பழைய ஸ்டிக்கே சரியான ஸ்டிக்.

வண்டியைச் சமதளத்துல நிறுத்துங்க. பழைய அளவோட கூடுதல் கொள்ளளவைக் கூட்டிக்குங்க, இங்க 4.7 லிட்டர். அரை லிட்டரைக் கையில வெச்சுக்கிட்டு மீதியை ஊத்தி, ரெண்டு நிமிஷம் ஐடில்ல விடுங்க, ஃபில்டரும் ஆயில் பாதையும் நிறையட்டும். அணைச்சு பத்து நிமிஷம் கழிச்சு ஸ்டிக்கைத் துடைச்சு விட்டுப் பாருங்க. மேல் கோடு வரைக்கும் 200 மி.லி. வீதம் ஊத்தி, மொத்தக் கணக்கை எழுதி வையுங்க. ஸ்டிக்கை மாத்தியே ஆகணும்னா, பழைய ஸ்டிக்ல மேல் கோடு சரியா வந்த பிறகு புதுசை விட்டு, நனைஞ்ச இடத்துல கீறல் போடுங்க. ட்யூப் 10 மி.மீ. கீழ இறங்கி உட்கார்ந்தாலும் ஸ்டிக் 10 மி.மீ. பொய் சொல்லும்.

பக்கவாட்டுல இறக்கை மாதிரி அகலமாக்கின சம்ப்புக்கு இன்னொரு சிக்கல். ரெண்டு கோட்டுக்கும் நடுவுல வழக்கமா ஏறக்குறைய ஒரு லிட்டர் இருக்கும், அகலமாக்குனா அது கூடிடும். கீழ் கோட்டுக்கு வந்ததும் பழக்கத்துல அரை லிட்டர் ஊத்துனா பாதி தூரம்கூட ஏறாது.

பிக்கப்புக்கும் சம்ப் அடிக்கும் 6 முதல் 10 மி.மீ. இடைவெளி வேணும். பசங்க விளையாடுற களிமண்ணை பிக்கப் முனையில இருக்கிற ஸ்ட்ரெய்னர் வலை வாயில ஒட்டி, சம்ப்பை கேஸ்கெட்டோட மாட்டிக் கழட்டி, நசுங்கின கனத்தை அளந்தா தெரிஞ்சிடும். இதை உங்க கண் முன்னாடி செய்யச் சொல்லுங்க. மழுப்புனா வண்டியை எடுத்துட்டு வந்துடுங்க.

ஆயில் லைட்டை நம்பாதீங்க, பிரஷர் கிட்டத்தட்ட ஒண்ணுமில்லாம போனாத்தான் அது எரியும். தனியா பிரஷர் கேஜ் மாட்டுங்க. பில் இல்லாம பணம் குடுக்காதீங்க. பழைய சம்ப், பழைய ஸ்டிக் ரெண்டையும் கேட்டு வாங்கிடுங்க. என்னோட சம்ப்பை இரும்புக் கடைல போட்டுட்டாங்களாம், அந்தக் காசும் அவங்களுக்கே.